விழத்தான் போகிறது பார்சல்... உடையாமல் போய்ச் சேர என்ன வழி?

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பத்தை யாரும் வீசி எறிவதில்லை. வீச முடியாது. முதுகில் ஏற்றி, நடந்துபோய், அட்டியில் இறக்கத்தான் முடியும். அதே ஊரில், அதே நாளில், தபால் நிலைய மேசையில் வைத்துவிட்டுப் போகும் அரைக் கிலோ பார்சலின் கதை வேறு. அது ஒரு கையில் அடங்கிவிடும். ஒரு கையில் அடங்கும் பொருளை அவசரத்தில் இருக்கும் கை வீசவே செய்யும். பைக்குள் வீசும், வண்டிக்குள் வீசும், தட்டுக்கூடைக்குள் வீசும். கனத்த மூட்டைக்கு அதன் கனமே காவல். இலேசான பார்சலுக்கு அந்தக் காவல் கிடையாது.

இது வெறும் சந்தேகம் இல்லை. பார்சல்களைச் சோதிப்பதற்கென்றே உலக அளவில் விதிமுறை வகுக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. 1948-இல் அமெரிக்காவில் வேர்விட்டு, இன்று சர்வதேசப் பாதுகாப்பான போக்குவரத்துச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது, ஐ.எஸ்.டி.ஏ. என்பது அதன் சுருக்கம். அதன் அடிப்படைச் சோதனையில், சுமார் 68 கிலோ எடையுள்ள பெட்டியை 20 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தால் போதும். 20 கிலோப் பெட்டிக்கு 46 சென்டிமீட்டர். ஒன்பதரை கிலோவுக்குக் குறைந்த எதுவானாலும் 76 சென்டிமீட்டர். எடை குறையக் குறைய, விழும் உயரம் ஏறுகிறது. சின்னப் பெட்டிதான் அதிகம் அடிபடும் என்பதை விதி வகுத்தவர்களே ஒப்புக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

76 சென்டிமீட்டர் என்பது நம் வீட்டு மேசையின் உயரம்.

காவிரிக்கும் குடமுருட்டிக்கும் நடுவில் கிடக்கும் திருக்காட்டுப்பள்ளியிலிருந்து அப்படி என்ன பார்சல் போகிறது என்று கேட்கலாம். நெல்லும் வாழையும் லாரியில் போகும். பார்சலில் போவது வேறு. சென்னையிலும் பெங்களூருவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு முறுக்கும் அதிரசமும் போகின்றன. மரபு நெல் விதை கேட்டவர்களுக்குக் கால் கிலோ, அரைக் கிலோப் பொட்டலங்கள் போகின்றன. சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் தஞ்சாவூரிலிருந்து தலையாட்டிப் பொம்மை, கலைத்தட்டு, தஞ்சாவூர் ஓவியம், நெட்டி வேலைப்பாடு எல்லாம் கிளம்புகின்றன. கைபேசியில் படம் பார்த்துப் பணம் அனுப்பும் வாடிக்கையாளர் தில்லியிலோ கௌகாத்தியிலோ இருப்பார். அவரும் பொம்மை செய்தவரும் ஒருவரை ஒருவர் பார்க்கப் போவதே இல்லை. இருவருக்கும் நடுவில் இருப்பது ஓர் அட்டைப்பெட்டி மட்டுமே.

அந்தப் பெட்டி எத்தனை கை மாறும்? தபால் நிலைய மேசை, பை, ஊர்தி, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ பிரிக்கும் இடம், மறுபடி பை, லாரி அல்லது ரயில் அல்லது விமானம், போய்ச் சேரும் நகரத்தில் இன்னொரு பிரிக்கும் இடம், அங்கிருந்து வட்டாரத் தபால் நிலையம், கடைசியில் தபால்காரரின் இரு சக்கர வாகனம். தனியார் கூரியர் என்றாலும் இதே கதைதான், இடங்களின் பெயர்தான் மாறும். ஒவ்வொரு கை மாற்றத்திலும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். பெரிய நகரங்களில் பிரிக்கும் வேலையை இயந்திரம் செய்கிறது. ஓடும் பெல்ட்டிலிருந்து சறுக்குப் பாதையில் விழுந்து, மற்ற பெட்டிகள்மேல் மோதித்தான் நிற்கும். அங்கே யாரும் கோபத்தில் எறியவில்லை. இயந்திரத்தின் அமைப்பே அப்படி.

வேகம் என்பதுதான் இங்கே விற்கப்படும் சரக்கு. 1986 ஆகஸ்ட் 1 அன்று இந்திய அஞ்சல் துறை ஸ்பீடு போஸ்ட்டைத் தொடங்கியது. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபாலும் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. நாளை மறுநாள் போய்ச் சேர வேண்டும் என்று நாம் காசு கொடுக்கிறோம். அந்த அவசரம் இரவு இரண்டு மணிக்கு லாரியிலிருந்து பைகளை இறக்கும் தொழிலாளியின் தோளில் போய் உட்கார்கிறது. ஒவ்வொரு பெட்டியையும் குழந்தையைப் போல் இறக்கி வைக்க அவருக்கு நேரம் கொடுப்பவர் யாரும் இல்லை. பார்சல் உடைந்துவிட்டால் அவரைத் திட்டுவது எளிது. திட்டினால் அடுத்த பார்சல் காப்பாற்றப்படுமா என்றால், இல்லை. விழும் என்று தெரிந்தே கட்டிய பார்சல்தான் தப்பிக்கும்.

இரண்டு மில்லிமீட்டரும் இரண்டரை சென்டிமீட்டரும்

மேசை உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். சைக்கிள் வேகம். இது ஒன்றும் பயங்கரமான வேகம் இல்லை. பொருளை உடைப்பது வேகம் அல்ல, அந்த வேகம் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதுதான்.

கணக்கு எளிது. விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுத்தால் போதும். அரைக் கிலோ பொம்மை ஒன்று மெல்லிய காகிதச் சுற்றோடு சிமென்ட் தரையில் விழுகிறது. 2 மில்லிமீட்டரில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 760 மில்லிமீட்டரை 2-ஆல் வகுத்தால் 380. அதாவது, அந்தக் கணத்தில் பொம்மையின்மேல் அதன் எடையைப் போல 380 மடங்கு விசை சராசரியாக அழுத்துகிறது. அரைக் கிலோவுக்கு 190 கிலோ! அதே பொம்மையைச் சுற்றி 5 சென்டிமீட்டர் மெத்தை இருந்து, அது பாதி அமுங்கி, 25 மில்லிமீட்டரில் நிறுத்தினால் விசை 30 மடங்காகக் குறைகிறது. 190 கிலோ 15 கிலோவாகிவிடும். நடைமுறையில் உச்ச விசை இந்தச் சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். ஆனாலும் வித்தியாசத்தின் அளவைப் பாருங்கள். பொம்மையைக் காப்பாற்றியது அட்டையின் தடிமன் இல்லை, டேப்பின் சுற்று எண்ணிக்கை இல்லை. அமுங்குவதற்கு அங்கே இருந்த இடம்.

இதனால்தான் இறுக்கிக் கட்டிய பார்சல் ஏமாற்றுகிறது. பபிள் ஷீட்டை நாலு சுற்றுச் சுற்றி, அதன்மேல் பிரவுன் டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினால் கைக்குக் கெட்டியாக இருக்கும். கெட்டியாக இருப்பதைக் கண்டு நமக்கு நம்பிக்கை வரும். ஆனால் குமிழ்கள் ஏற்கெனவே அமுங்கிவிட்டன. இனி அமுங்க அவற்றிடம் ஒன்றும் இல்லை. நாளிதழைக் கசக்கிப் பந்தாக்கித் திணிப்பதும் முதல் முறை விழும்போது நன்றாகத்தான் தாங்கும். அமுங்கிய காகிதம் திரும்ப எழும்பாது. உள்ளே வெற்றிடம் உண்டாகிவிடும். மூன்றாவது முறை விழும்போது பொருள் அந்த வெற்றிடத்தில் ஓடி அட்டையில் மோதும். தெர்மாகோலும் பெரிய அடி ஒன்றை வாங்கிக்கொண்டு பள்ளமாகிவிடும் ரகம்.

ஒரு பார்சல் ஒரே ஒரு முறை விழுவதில்லை. ஐ.எஸ்.டி.ஏ.வின் அந்த அடிப்படைச் சோதனையில் பெட்டியைப் பத்து முறை போடுகிறார்கள்: ஒரு மூலை, அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு பக்கங்கள். அதற்கு முன்பே அதிரும் மேடையில் வைத்து 14,200 முறை குலுக்குகிறார்கள். லாரிப் பயணத்துக்கு அது ஒத்திகை. பூதலூர் சாலையிலோ கல்லணைச் சாலையிலோ வேகத்தடைகளில் ஏறி இறங்கியவர்களுக்கு அந்தக் குலுக்கலை விளக்கத் தேவையில்லை. விழுவதால் வரும் சேதம் சத்தத்தோடு வரும். குலுக்கலால் வரும் சேதம் அப்படி இல்லை. திருகாணி தளரும், ஓவியத்தில் பதித்த கல் உதிரும், வண்ணம் உரசி மங்கும், முறுக்கு மாவாகும்.

பொம்மைக்கு ஒரு நியாயம்

தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து நிற்கும். அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் வரும் குணம் அது. 2008-09-இல் புவிசார் குறியீடும் பெற்ற பொம்மை. தள்ளினால் எழும் இந்தப் பொம்மையைப் பார்சலில் போட்டால், எழ வைக்கும் அதே அடிக்கனம்தான் அதற்கு எமனாகிறது. பெட்டி விழும்போது கனமான அடிப்பாகம் மெத்தையை அமுக்கிக்கொண்டு முதலில் இறங்கும். மேலே இருக்கும் மெல்லிய பாகம் அதன் பின்னால் இழுபடும். சுற்றிலும் ஒரே அளவு மெத்தை வைத்தால் அடியில் போதாது, மேலே மிஞ்சிப்போகும். கனம் இருக்கும் பக்கத்தில் கூடுதல் மெத்தை என்பதுதான் இதற்கு விதி.

ஆடும் நடனப் பொம்மை இன்னும் நுணுக்கமானது. பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனி. கம்பி முனையில் ஒன்றன்மேல் ஒன்று தொங்கி ஆடுகின்றன. பூட்டிய நிலையிலேயே பெட்டிக்குள் வைத்தால் ஒவ்வொரு குலுக்கலிலும் ஒரு பாகம் இன்னொன்றை இடித்துக்கொண்டே போகும். கழற்றி, ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி அடுக்கினால் அந்தப் பிரச்சினையே இல்லை. பொம்மையை வடிவமைத்த கைவினைஞர் இதைத் தெரிந்து செய்தாரோ இல்லையோ, கழற்றிப் பூட்டும் அமைப்பு பார்சலுக்கென்றே பிறந்தது போல இருக்கிறது. ஒரு பொருள் எப்படிப் பயணம் போகும் என்பதைச் செய்யும்போதே யோசிப்பதுதான் மிகச் சிறந்த பேக்கிங் என்பேன். அட்டை, டேப் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஓவியத்துக்கும் இது பொருந்தும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப் பூச்சால் புடைப்பு எழுப்பி, கல் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிச் செய்யும் தஞ்சாவூர் ஓவியம் ஓரளவு அடி தாங்கும். உடைவது அதன்மேல் போடும் கண்ணாடி. உடைந்த கண்ணாடி அதோடு நிற்காமல் தங்க ரேக்கைக் கீறிவிடும். கண்ணாடியின்மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவது கண்ணாடியைக் காப்பாற்றாது. உடைந்த துண்டுகள் சிதறி ஓவியத்தைக் கீறாமல் ஓரளவு தடுக்கும், அவ்வளவே. சட்டமும் கண்ணாடியும் போய்ச் சேரும் ஊரில் போட்டுக்கொள்ளட்டும் என்று ஓவியத்தை மட்டும் அனுப்புவதும், கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு பொருத்துவதும் நல்ல வழிகள்.

நெட்டிக் கோபுரமும் கூரியர் கணக்கும்

இந்தக் கட்டுரை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு இப்போது வருகிறேன். டெல்டாவின் நீர்நிலைகளில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவினால் தந்தம் போல வெளுத்த, கனமே இல்லாத சோறு கிடைக்கும். அதைக் கத்தியால் இழைத்துப் பெரிய கோயில் விமானத்தையே மேசைமேல் எழுப்புகிறார்கள் தஞ்சாவூர்க் கலைஞர்கள். 2020-இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு விமானத்தின் எடை சில நூறு கிராம் இருந்தாலே அதிகம். தூசு படாமல் இருக்க அதைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துத் தருகிறார்கள்.

உள்ளே காற்றுப் போன்ற ஒரு பொருள். வெளியே கண்ணாடி. கையில் எடுத்தால் கனம் தெரியாது. வீசப்படுவதற்கான அத்தனை தகுதியும் அந்தப் பெட்டிக்கு உண்டு.

கூடு 20 சென்டிமீட்டர் நீளம், 20 அகலம், 30 உயரம் என்று கொள்வோம். சுற்றிலும் 5 சென்டிமீட்டர் மெத்தை வைத்தால் பெட்டி 30, 30, 40 ஆகும். கூரியர் நிறுவனங்கள் பலவும் இலேசான பெட்டிக்கு எடை பார்த்துக் கட்டணம் போடுவதில்லை. நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வருவதையே கிலோவாகக் கணக்கிடுகின்றன. மெத்தை இல்லாத கூட்டுக்கு அந்தக் கணக்கில் 2.4 கிலோ. மெத்தை வைத்த பெட்டிக்கு 7.2 கிலோ. ஐந்து சென்டிமீட்டர் பாதுகாப்புக்கு மூன்று மடங்கு கட்டணம்!

கைவினைஞர் என்ன செய்வார்? வாங்குகிறவர் பொருளின் விலையைவிட அனுப்பும் செலவு அதிகமாக இருந்தால் வாங்க மாட்டார். ஆகவே மெத்தை மூன்று சென்டிமீட்டராகிறது, இரண்டாகிறது, கடைசியில் ஒரு சுற்று பபிள் ஷீட்டாகிறது. இதைக் கவனக்குறைவு என்று சொல்வது அநியாயம். விமானத்திலும் லாரியிலும் இடத்துக்குத்தான் விலை என்பது நிறுவனங்களின் நியாயம், அதையும் மறுக்க முடியாது. ஆனால் இந்தக் கணக்கில் மாட்டிக்கொள்பவர் யார் என்று பாருங்கள். இரும்புத் திருகாணி அனுப்புகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. இலேசான, மெல்லிய, மாதக்கணக்கில் கையால் செய்த பொருளை அனுப்புகிறவர்தான் மாட்டிக்கொள்கிறார்.

இதற்கும் வழி இருக்கிறது. கண்ணாடிக் கூட்டை அக்ரிலிக் தகடுகளாகப் பிரித்துத் தட்டையாக அனுப்பி, வாங்குகிறவர் பூட்டிக்கொள்ளும்படி செய்யலாம். விமானத்தின் பீடத்தைப் பெட்டியின் அடிப்பலகையோடு நாலு மூலையில் பிணைத்து, பக்கங்களில் எதுவும் தொடாதபடி நிறுத்தலாம். நெட்டி தன் எடையால் உடைவது அரிது, அவ்வளவு இலேசு. வேறு பொருள் அதில் மோதும்போதுதான் நொறுங்கும். ஆகவே மோதவிடாமல் தூரத்தில் வைப்பதுதான் நெட்டிக்கான பேக்கிங். இதையெல்லாம் ஒரு கலைஞர் தனியாக, நஷ்டப்பட்டு நஷ்டப்பட்டுக் கற்றுக்கொள்ள வேண்டுமா? எனக்கு உறுத்துவது அந்தக் கேள்விதான்.

வைக்கோலிலிருந்து குமிழ்த் தாளுக்கு

நம் பக்கத்து மக்களுக்குப் பேக்கிங் புதிது இல்லை. பீங்கான் சாடியும் மாம்பழமும் வைக்கோலுக்குள்தான் பயணம் போயின. வைக்கோல் அமுங்கும், திரும்ப எழும்பும், காற்றை உள்ளே வைத்திருக்கும். நல்ல மெத்தைக்கு வேண்டிய மூன்று குணமும் அதனிடம் உண்டு. வாழைச் சருகும் மட்டையும் வெற்றிலையையும் பூவையும் வாடாமல், நசுங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தன, இன்றும் சேர்க்கின்றன. தபாலில் போகும் பார்சலைக் காடாத் துணியில் வைத்துத் தைத்து, தையலின்மேல் அரக்கு முத்திரை வைத்து அனுப்பிய காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். முத்திரை திருட்டைத் தடுக்க. துணித் தையலால் இன்னொரு பலனும் இருந்தது: பெட்டியின் விளிம்பு பிளந்தாலும் உள்ளே இருப்பது கொட்டாது. 1877-இல், பார்சலைப் பெறும்போது தபால்காரரிடம் பணம் கட்டும் வி.பி.பி. முறை வந்த பிறகு புத்தகமும் மருந்தும் கடிகாரமும் இப்படித்தான் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தன. தமிழ்ப் பத்திரிகைகளின் பழைய விளம்பரங்களில் வி.பி.பி. என்ற மூன்று எழுத்து இல்லாத பக்கத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அட்டைப்பெட்டியின் கதையும் உடையும் பொருளிலிருந்தே தொடங்குகிறது. 1871-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் நெளி அட்டைக்குக் காப்புரிமை பெற்றார், கண்ணாடிப் புட்டியையும் விளக்குச் சிம்னியையும் சுற்றி அனுப்புவதற்காக. 1957-இல் ஆல்ஃபிரட் ஃபீல்டிங், மார்க் ஷாவான் என்ற இருவர் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் செய்யப் பார்த்தார்கள். குமிழ்த் தாள் பிறந்தது. சுவருக்கு அது எடுபடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தன் 1401 கணினிகளை அதில் சுற்றி அனுப்பத் தொடங்கிய பிறகே உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது.

வைக்கோலை ஏன் விட்டோம் என்றால் காரணம் இருக்கிறது. ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி ஒளிந்துகொள்ளும். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் வைக்கோல் வைத்த பார்சலை உள்ளேயே விடுவதில்லை. சிட்னியில் இருக்கும் உறவினருக்குப் பொம்மை அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நெளி அட்டையின் பலம் அதன் நெளிவில் இருக்கிறது. மளிகைக் கடையில் கேட்டு வாங்கிய பழைய பெட்டியில் அந்த நெளிவு ஏற்கெனவே நசுங்கியிருக்கும். அதன் மூலையை விரலால் அழுத்தினாலே தெரிந்துவிடும். மூணு பிளை அட்டை இரண்டு கிலோ வரை துணிப் பொருளுக்குச் சரி. உடையும் பொருளுக்கு அஞ்சு பிளை வாங்குவது வீண் செலவு இல்லை.

மேலே எழுதுவதால் ஆவது என்ன?

“உள்ள என்னங்க இருக்கு? ஒடையுற சாமானா?”

“ஆமாங்க, பொம்மை. பாத்துப் போடச் சொல்லுங்க.”

இந்த உரையாடலோடு சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டால் மனது சமாதானமாகிவிடும். 1849-இல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். அமெரிக்காவில் அடிமையாக இருந்த ஹென்றி பிரவுன் என்பவர், தன்னையே மரப்பெட்டிக்குள் வைத்து எக்ஸ்பிரஸ் பார்சலாக ரிச்மண்டிலிருந்து பிலடெல்பியாவுக்கு அனுப்பச் செய்து தப்பித்தார். 27 மணி நேரப் பயணம். பெட்டியின்மேல் ‘இந்தப் பக்கம் மேலே’ என்று எழுதியிருந்தது. ஆனாலும் பயணத்தில் பெட்டியைப் பலமுறை தலைகீழாக வைத்தார்கள். கண்கள் பிதுங்கும் அளவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியும் சத்தம் போடாமல் தாங்கிக்கொண்டு, விடுதலை பெற்ற மண்ணில் இறங்கினார் அந்த மனிதர். எக்ஸ்பிரஸ் சேவை தொடங்கிய காலத்திலிருந்தே எழுத்து படிக்கப்படாமல் போயிருக்கிறது.

2010-இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ என்ற அமெரிக்க இதழ் அதிர்வை அளக்கும் கருவியைப் பெட்டிக்குள் வைத்து மூன்று பெரிய நிறுவனங்கள் வழியாக அனுப்பிப் பார்த்தது. எச்சரிக்கை எழுதிய பெட்டிகள் எழுதாதவற்றைவிட அதிகம் அடிபட்டதாக அந்தக் கருவி காட்டியது. ஓர் இதழின் சிறிய சோதனைதான், அதை வைத்து எல்லாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஸ்டிக்கரை நம்பி மெத்தையைக் குறைக்கக் கூடாது என்பதற்கு அது போதும். சறுக்குப் பாதையில் ஓடும் பெட்டியில் இயந்திரம் படிப்பது பட்டைக் குறியீட்டை மட்டுமே.

ஐப்பசியில் இரட்டைச் சோதனை

டெல்டாவுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. தீபாவளி வருவது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை இறங்குவதும் அப்போதுதான். ஆண்டிலேயே அதிகமான பார்சல்கள் கிளம்பும் வாரத்தில் காற்றில் ஈரம் உச்சத்தில் நிற்கிறது. அட்டை காகிதத்தால் ஆனது, ஈரத்தை உறிஞ்சும். நல்ல ஈரக் காற்றில் கிடக்கும் அட்டைப்பெட்டி தன்மேல் வைக்கும் சுமையைத் தாங்கும் சக்தியில் பாதி வரைகூட இழந்துவிடும். நனையவே தேவையில்லை, ஈரக் காற்றே போதும். அந்த நேரத்தில்தான் அதன்மேல் இன்னும் பத்துப் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன.

மழைக் காலத்தில் பொருளை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடி, பிறகு பெட்டியில் வைக்க வேண்டும். முகவரியை மை கரையாத பேனாவால் எழுதி, அதன்மேல் அகலமான கண்ணாடி டேப் ஒட்ட வேண்டும். 613104 என்ற நம் பின்கோடும் பெறுகிறவரின் கைபேசி எண்ணும் உள்ளே ஒரு சீட்டில் இருந்தால், வெளிச் சீட்டு கிழிந்தாலும் பார்சல் அநாதையாகாது. பெட்டி மூடும் நடுக்கோட்டில் மட்டும் டேப் ஒட்டி நிறுத்தாமல் இரண்டு ஓரங்களிலும் ஒட்டுவது விளிம்பு பிளப்பதைத் தடுக்கும். சணல் கயிறு கட்டினால் அது பெல்ட்டில் மாட்டும், அட்டையை அறுக்கும், வேண்டாம்.

முறுக்கைப் பற்றிக் கேட்காத அம்மாக்கள் இல்லை. அது உடைவதற்குப் பெரும்பாலும் காரணம், கூடவே போகும் ஊறுகாய்ப் புட்டி. ஒரே பெட்டியில் முறுக்கு டப்பாவும் ஒரு கிலோ ஊறுகாயும் இருந்தால், பெட்டி விழும் ஒவ்வொரு முறையும் புட்டி சம்மட்டியாகிறது. கனமானதைத் தனிப் பார்சலாக அனுப்புங்கள். முடியாவிட்டால் நடுவில் தடித்த அட்டைத் தடுப்பு வைத்து, கனத்தை அடியில் இறுக்கிவிடுங்கள். முறுக்கை டப்பாவின் வாய்வரை அடுக்கி, மிச்ச இடத்தைச் சுத்தமான காகிதத்தால் நிரப்பி மூடினால் அது அசையாது. அசையாத முறுக்கு உடைவது குறைவு. காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் போடுகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்கு இறங்கும். பை மூன்றில் ஒரு பங்கு ஊதிப்போகும். முழுக்க ஊதிய பை வெடிக்கக்கூடும், ஆகவே கொஞ்சம் தளர்வாக மூடுங்கள்.

விதைநெல் அனுப்புகிறவர்களுக்கு இந்தப் பிரச்சினைகள் கிடையாது. நெல் விழுந்தால் நோகாது. பை கிழியாமல் இருந்தால் போதும், இரட்டைத் துணிப்பை நல்லது. ஈரம் மட்டும் ஏறக் கூடாது.

அடித்துக் கேட்க வேண்டியது

இவ்வளவு பார்த்தும் சில பார்சல்கள் உடையத்தான் செய்யும். அப்போது கிடைப்பது என்ன? ஸ்பீடு போஸ்ட் பார்சல் தொலைந்தாலோ சேதமானாலோ, கட்டிய கட்டணத்தின் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அது என்பதே நெடுங்காலமாக இருந்துவந்த இழப்பீட்டு வரம்பு. தனியார் கூரியர் ரசீதுகளின் பின்புறப் பொடி எழுத்திலும் இதுபோன்ற வரம்பு இருக்கும். மூவாயிரம் ரூபாய்க் கைவினைப் பொருளுக்கு இது ஈடாகாது. காப்பீடு செய்து அனுப்பும் வசதி உண்டு, விலை உயர்ந்த பொருளுக்குக் கட்டாயம் செய்ய வேண்டும்.

பொம்மைக்கும் ஓவியத்துக்கும் நெட்டிக்கும் குறியீடு வாங்கிக் கொடுத்த அக்கறை அதோடு நின்றுவிடக் கூடாது. குறியீடு பொருளின் பெயரைக் காப்பாற்றுகிறது, பொருளைக் காப்பாற்ற ஒரு பெட்டி வேண்டும். 1966-இல் தொடங்கிய இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் மும்பையைத் தலைமையிடமாகக் கொண்டு சென்னையிலும் மையம் வைத்து இயங்குகிறது. தஞ்சாவூரிலேயே மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1973 முதல் கைவினைப் பொருள்களை விற்கும் தமிழக அரசு நிறுவனமான பூம்புகார் இருக்கிறது. இவர்கள் மூவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், தலையாட்டிப் பொம்மைக்கு ஒரு பெட்டி, நடனப் பொம்மைக்கு ஒரு பெட்டி, நெட்டிக் கோபுரத்துக்கு ஒரு பெட்டி என்று அளவெடுத்து வடிவமைத்து, பத்து முறை போட்டுப் பார்த்து, மொத்தமாக அச்சடித்து மலிவு விலையில் கொடுக்க முடியும். வடிவமைத்த பெட்டி இடத்தையும் குறைக்கும், கூரியர் கட்டணமும் குறையும். அஞ்சல் துறையும் கூரியர் நிறுவனங்களும் குறியீடு பெற்ற கைவினைப் பொருள்களுக்கு அந்த 5,000 கணக்கிலிருந்து சலுகை கொடுக்கலாம். இவை கோடிக்கணக்கில் செலவாகும் கோரிக்கைகள் அல்ல.

அதுவரை அனுப்புகிறவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பொம்மைக்குப் பதில் அதே எடையில் மணல் நிரப்பிய மண் கலயம் ஒன்றைப் பெட்டியில் வைத்து, வழக்கம்போல் கட்டி, மேசையிலிருந்து பத்து முறை தள்ளிவிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் காதோரம் வைத்து ஆட்டிக் கேளுங்கள். உள்ளே எதுவும் உருளக் கூடாது. கலயம் பிழைத்தால் பொம்மையும் பிழைக்கலாம்.

வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொருள் உடைந்து வந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். பெட்டியைக் குப்பையில் போடுவதற்கு முன், அதன் ஆறு பக்கத்தையும் நசுங்கிய மூலையையும் படம் எடுத்து அனுப்பியவருக்கே அனுப்புங்கள். எந்தப் பக்கம் விழுந்தது, எங்கே மெத்தை போதவில்லை என்பது அவருக்கு அதில் தெரிந்துவிடும்.